பத்தரை மணி நாற்காலி

புரூக்ளின்,
வியாழன் இரவு

அடி மல்லி,

ஆறு மாதமாகக் கடிதம் இல்லை, திட்டிக்கொள். முட்டிவலி எப்படி? ரிட்டயர் ஆன பிறகாவது உன் வீட்டுக்காரர் வெந்நீர் போடக் கற்றுக்கொண்டாரா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் எங்கள் பள்ளியில் ஒரு நாற்காலி பறந்தது. எறிந்தவனுக்கு ஒன்பது வயது. யூதப் பள்ளி என்றுதான் உனக்குத் தெரியுமே: காலையில் ஹீப்ரு, அவர்கள் வேதமான தோரா எல்லாம் மதகுருவான ரப்பி நடத்துவார், மத்தியானம் கணக்கும் ஆங்கிலமும் என்னைப் போன்ற வெளியாட்கள். என்னிடம் அவன் தங்கம். ரப்பியிடம் மட்டும் வெடிப்பான், அதுவும் தினமும் பத்தரைக்கு. திமிர் என்றார்கள்.

இரண்டு வாரம் கடைசி வரிசையில் நோட்டோடு உட்கார்ந்தேன். வெடிப்பதற்கு முன் என்ன நடந்தது, பிறகு யார் என்ன செய்தார்கள், அவ்வளவுதான் எழுதினேன். பத்தரைக்கு ராஷி என்ற அறிஞரின் உரை. 11-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் தோராவுக்கு எழுதியது. அதை அச்சிடும் எழுத்தின் வடிவமே வேறு, உயிர்க்குறியும் கிடையாது. கால், கொம்பு, சுழி எல்லாம் பிடுங்கிவிட்டு உரக்க வாசி என்றால் நீ வாசிப்பாயா? இவன் முறைக்கு இரண்டு பேர் முன்னாலேயே காது சிவக்கும். பென்சில் உடையும். ரப்பி குரலை உயர்த்துவார். நாற்காலி. உடனே வெளியே அனுப்பிவிடுவார்கள், வாசிக்க வேண்டியதில்லை! பயல் கணக்கில் புலிதான்.

ரப்பி நல்லவர், அதுதான் கஷ்டம். நோட்டைக் காட்டினேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு அவரே ஹில்லெல் என்ற பழைய யூத ஞானியின் வாக்கைச் சொன்னார்: கூச்சப்படுகிறவன் கற்கமாட்டான், கடுகடுப்பவன் கற்பிக்கமாட்டான். "முதல் பாதியை மட்டும் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்" என்றார்.

இப்போது எந்த வரி என்று முந்தின நாளே சொல்லிவிடுகிறார். தாத்தாவோடு வாசித்துப் பார்த்துவிட்டு வருகிறான். காது சிவந்தால் ஆபீசுக்கு ஒரு கவர் கொடுத்தனுப்புகிறார். உள்ளே ஒன்றும் இருக்காது, நடந்து தண்ணீர் குடித்துவிட்டு வருவான். மீறி வெடித்தால் யாரும் வாதாடுவதில்லை, மற்ற பிள்ளைகளை வெளியே கூட்டிப் போகிறோம். நேற்றுகூட ஒரு புத்தகம் பறந்தது. ஆனால் அவனே போய் எடுத்து முத்தமிட்டு மேஜையில் வைத்தான். வேதப் புத்தகம் கீழே விழுந்தால் அப்படிச் செய்வது அவர்கள் வழக்கம்.

டஸ்டர் சார் ஞாபகம் வந்தது. நாம் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். செல்வம் ஏன் ஆறாவதோடு நின்றான் என்று ஒருநாளாவது கேட்டோமாடி?

நாளை சாயங்காலம் தொடங்கும் சப்பாத் ஓய்வுநாளுக்காகச் சீக்கிரம் விட்டுவிடுவார்கள். உனக்கு ராத்திரி பதினொன்றரை இருக்கும், முழித்திருந்தால் கூப்பிடு. அதற்குள் செல்வம் எங்கே இருக்கிறான் என்று உன் அண்ணனிடம் கேட்டு வை.

உன்,
குட்டச்சி