மீனாவுக்கு அம்மா எழுதுவது

அன்பு மீனா,

"எல்லாம் சரி அம்மா" என்று நீ அனுப்பிப் பதினோரு நாள் ஆகிறது. மார்புப் புற்றுக்குச் செய்த ஆபரேஷன் தையல் ஆறியதையும், கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பழகுவதையும் மாப்பிள்ளைதான் சொன்னார். விடாமல் பழகு. கை தூக்கினால்தான் கரண்ட், அதாவது கதிர் சிகிச்சை, வைக்க முடியும்.

ஐந்தே நாளில் முடித்துவிடுவார்கள் என்றதும் வயிற்றைக் கலக்கியது. 31 வருடம் பௌதிகம் நடத்தியவள் சும்மா இருப்பேனா? தேடிப் படித்தேன். ஐந்து தவணையில் 26 கிரே (கதிரை அளக்கும் அலகு) கொடுத்தாலும் 15 தவணையில் 40 கிரே கொடுத்தாலும், ஐந்து வருடத்தில் நோயைத் திரும்பவிடாமல் தடுப்பதில் ஐந்து தவணை ஒன்றும் குறைந்ததில்லை என்று பிரிட்டனில் செய்த ஆய்வே 2020-இல் சொல்லியிருக்கிறது. அது போகட்டும். உனக்கு இடப்பக்கம். கதிர் இதயத்தின் ஓரத்தையும் தொடும். அங்கே சராசரியாக ஒரு கிரே கூடினால் மாரடைப்பு போன்றவை வரும் வாய்ப்பு 7.4 சதவீதம் ஏறும் என்பது 2013-இல் வந்த கணக்கு. மூச்சை இழுத்துப் பிடித்தால் நுரையீரல் உப்பி, இதயம் மார்புச் சுவரைவிட்டு விலகும். அந்த முறை உண்டா என்று கேள். சுற்றிச் சுற்றி வந்து கதிர் பாய்ச்சும் முறையில் அளவு கச்சிதமாக விழுமாம். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக வலது மார்புக்கும் சிதறும். புதியது என்பதற்காக அதற்கு ஆசைப்படாதே.

குறுக்குத்துறையில் முங்கி, நான் கதறும்வரை எழாதவள் நீ. இருபது விநாடி உனக்கு ஒரு பொருட்டா? நேரத்துக்குச் சாப்பிடு. மூச்சுப் பிடிப்பதைக் கேட்க மறக்காதே.

குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று டாக்டர் கேட்டதற்கு இல்லை என்றாயாமே. உன்மேல் தப்பில்லை. சாந்தா சித்திக்கு வந்தது மஞ்சள் காமாலை இல்லை. மதுரையில் ஐந்து வாரம் கோபால்ட் மெஷினில் கரண்ட் வைத்தார்கள். தோல் கருகி, ரவிக்கை போட முடியாமல் என் பழைய வாயில் புடவையைச் சுற்றிக்கொண்டு கிடந்தாள். அப்போது அவளுக்கு வயது 38. உனக்கு வரன் பார்க்கும்போது வெளியே தெரியக் கூடாதென்று ஆச்சியிடம்கூடச் சத்தியம் வாங்கினேன். கல்யாணம் முடிந்த பிறகாவது உன்னிடம் சொல்லியிருக்கலாம். பேரன் பிறந்த பிறகாவது. ஒவ்வொரு முறை நீ ஊருக்கு வரும்போதும் நாக்கு நுனிவரை வந்தது, மீனா.

முதல் தவணைக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடு. பரம்பரைச் சோதனை வேண்டுமா என்று அவர் பார்க்கட்டும். மாப்பிள்ளையிடம் சொல்வது உன் இஷ்டம்.

வழக்கம்போல் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்து இதை அனுப்ப முடியாது. நானே படம் எடுத்து அனுப்புகிறேன். எழுத்து கலங்கித் தெரிந்தால் சொல், மறுபடி எடுக்கிறேன்.

அம்மா