வாசனை பரவ மூலக்கூறின் வேகம் காரணமில்லை

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போன வார மாணவர் பக்கத்தில், ஊதுபத்தி ஏற்றிய கொஞ்ச நேரத்தில் வீடெல்லாம் மணப்பதற்கு, மூலக்கூறுகள் விநாடிக்குச் சில நூறு மீட்டர் வேகத்தில் பறப்பதே காரணம் என்று போட்டிருந்தீர்கள். வேகம் சரி, காரணம் தப்பு. பிள்ளைகள் வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ளும் பக்கம் என்பதால் எழுதுகிறேன்.

சாதாரணக் காற்றில் ஒரு மூலக்கூறு இன்னொன்றின் மேல் மோதாமல் போகும் தூரம் சராசரியாக 70 நானோமீட்டர்தான், அதாவது தலைமுடித் தடிமனில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு. விநாடிக்குச் சுமார் 700 கோடி மோதல், ஒவ்வொன்றிலும் திசை மாறும். அசையாத காற்றில் வாசனை ஒரு மீட்டர் நகரவே பல மணி நேரம் பிடிக்கும்.

இதை டச்சு வானிலை அறிஞர் பைஸ் பாலட் 1858-லேயே கேட்டுவிட்டார்: அவ்வளவு வேகம் என்றால் அறைக்குள் புகை ஏன் கலையாமல் அடுக்கடுக்காக நிற்கிறது? அதற்குப் பதில் சொல்லப்போய்த்தான் ஜெர்மன் இயற்பியலாளர் கிளாசியஸ் அதே ஆண்டில் சராசரி மோதலிடைத் தூரம் (மேலே சொன்ன, மோதாமல் போகும் தூரம்) என்பதையே கொண்டுவந்தார். சூத்திரத்தை மனப்பாடம் செய்யும் பிள்ளைகளிடம் முதலில் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும், அவ்வளவு நல்ல கேள்வி.

கோடை மழைக்கு அப்புறம் ஏற்காட்டில் காப்பி பூத்திருந்தால், தோட்டம் கண்ணில் படும் முன்பே கொண்டை ஊசி வளைவில் மணம் வந்துவிடும். மோதி மோதித் தானாக வருவதென்றால் அந்த மணம் வேலியைத் தாண்டுவதற்குள் பூவே வாடிவிடும். காற்று மொத்தமாக நகர்ந்து தூக்கிக்கொண்டு வருகிறது. சுமார் 1500 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு என்பதால், மோதலிடைத் தூரம் சேலத்தைவிடப் பத்தில் ஒரு பங்குபோலக் கூடும். அது இந்தக் கணக்கை மாற்றாது.

திருத்தத்தோடு வீட்டிலேயே பார்க்கிற மாதிரி ஒன்றையும் போடுங்கள். ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்திவிட்டு ஊதுபத்தியைக் கொளுத்தச் சொல்லுங்கள். புகை நெருப்பின் சூட்டில் கொஞ்ச தூரம் நூல் பிடித்த மாதிரி நேராக ஏறும், அப்புறம் சுருண்டு ஒரு பக்கமாக இழுபடும். மூடிய அறையிலும் காற்று ஓடுகிறது, வாசனை அதோடுதான் போகிறது என்று பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியை,
அஸ்தம்பட்டி, சேலம்.