ஒரு சுண்டு பயறு

பலேர்மோ, சிசிலி, இத்தாலி,
18 ஜூலை 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். இவருக்கு ரெஸ்டோரன்ட் வேலை இரவு பிந்தித்தான் முடிகிறது, மற்றப்படி ஒரு குறையும் இல்லை. உங்கள் முழங்காலுக்கு அந்த எண்ணெயை விடாமல் பூசுங்கோ.

போன் இருக்கும்போது ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். திங்கட்கிழமை சின்னவளை வாழ்த்தப் போன் எடுத்தீர்களே, அப்போது நீங்கள் சொன்ன ஒரு சொல்லுக்காகத்தான். "உனக்குப் பத்து வயசு முடிஞ்ச அண்டைக்கு ஒரு துண்டு கேக்குக்கும் வழியில்லாமல் போச்சே, பிள்ளை" என்று சொல்லி அழுதீர்கள். நான் பதில் சொல்வதற்குள் போனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டீர்கள். என் பிறந்தநாள் வந்தாலும் இதே சொல், பிள்ளைகளின் பிறந்தநாள் வந்தாலும் இதே சொல். இருபத்தெட்டு வருடமாக இதைச் சுமந்துகொண்டு இருக்கிறீர்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கோ. இது கொஞ்சம் நீளும்.

சின்னவள் பிறந்த ஜூலை 15 இந்த ஊருக்கே பெரிய நாள். பலேர்மோவின் காவல் தெய்வம் சாந்தா ரொசாலியா. அரண்மனை வாழ்வை விட்டு மலைக்குகையில் தவம் இருந்த பெண். 1624ல் இங்கே கொள்ளைநோய் வந்து சனம் செத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவருடைய எலும்புகளை மலையில் கண்டெடுத்தார்கள். அவற்றை ஊர்வலமாகக் கொண்டுவந்த பிறகு நோய் விட்டது என்பது இந்த ஊரின் நம்பிக்கை. எலும்புகளைக் கண்டெடுத்து இந்த வருடம் நானூறாவது ஆண்டு என்று நகரமே சோடித்துக் கிடந்தது.

14ஆம் திகதி இரவு கப்பல் மாதிரி ஒரு பெரிய தேர் வரும். பழைய அரண்மனைப் பக்கம் இருந்து கடற்கரை வரைக்கும் ஒரே நேர் வீதி. நடுவில் நாலு சந்தியில் தேர் நிற்கும். நகரபிதா அதில் ஏறிப் பூ வைத்து, "விவா பலேர்மோ எ சாந்தா ரொசாலியா!" என்று கத்துவார். சனம் முழுக்கத் திருப்பிக் கத்தும். அந்த நேரம் எனக்கு நல்லூர்த் தேர் இருப்புக்கு வரும்போது எழும்புகிற அரோகராச் சத்தம்தான் காதில் கேட்கும். பிறகு கடற்கரையில் வாணவேடிக்கை. வழி முழுக்க வத்தகப்பழம், உள்ளி போட்டு வதக்கிய சின்ன நத்தை, வறுத்த கடலை. கடலையைக் 'காலியா' என்கிறார்கள். அதைச் சுருளில் வாங்கிக் கொறித்தபடி நடந்தால், கோயில் வீதியில் உங்களோடு கச்சான் தின்றுகொண்டு நடந்தது மாதிரியே இருக்கும். அடுத்தநாள் 15ஆம் திகதி பின்னேரம், எலும்புகள் வைத்த வெள்ளிப்பேழை ஊர்வலம் போகும். சின்னவள் பிறந்த நாளே அது. ஆஸ்பத்திரியில் தாதி அவளைத் தூக்கித் தந்தபோது, "ரொசாலியா என்று வையுங்கள்" என்றாள். நாங்கள் என் அம்மம்மாவின் பெயரைத்தான் வைத்தோம், அது உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்தத் தெய்வத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் அன்றைக்கே ஒரு சொந்தம் வந்துவிட்டது.

நாங்கள் மட்டும் இல்லை, அம்மா. எண்பதுகளில் இங்கே வந்த எங்கட சனம் தொடங்கி இன்று வரை, சைவம் கிறிஸ்தவம் என்று பாராமல், ஞாயிறு விடிய மொந்தே பெல்லெக்ரினோ மலை ஏறுகிறார்கள். அறுநூறு மீற்றர் உயரம். பழைய கல் பாவிய பாதை, வளைந்து வளைந்து போகும். நேர்த்தி உள்ளவர்கள் வெறுங்காலோடு ஏறுவார்கள். மேலே குகைதான் கோயில். பாறையில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அதைப் பீலி கட்டிச் சேர்த்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீரைத் தொட்டு நெற்றியில் வைக்கும்போது எனக்குக் கீரிமலை நினைவு வரும். நீங்கள் எங்களை மடு மாதா கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போன நாளில், "அம்மாள் எண்டால் எல்லாருக்கும் அம்மாள்தானே" என்று சொன்னது நினைவிருக்கிறதா? சின்னவள் ஒருமுறை, நாங்கள் ஏன் மாதாவைக் கும்பிடுகிறோம் என்று கேட்டாள். உங்களுடைய அந்த வசனத்தைத்தான் சொல்லிக் கொடுத்தேன்.

சரி, இப்போது நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

நான் வேலைக்குப் போய்ப் பராமரிக்கிற வயதான அம்மா, சிஞ்ஞோராவைப் பற்றிப் போனில் சொல்லியிருக்கிறேன். எண்பத்தெட்டு வயது. என்னைப் 'பிள்ளை' என்றுதான் கூப்பிடுவார், அவருடைய மொழியில். முதல் வருடம் டிசம்பர் மாதம் வேலைக்குப் போனபோது, குசினிக்குள் ஒரு பெரிய பாத்திரத்தில் முழுக்கோதுமை ஊறிக்கிடந்தது. (இங்கேயும் குசினியைக் குச்சீனா என்றுதான் சொல்கிறார்கள். போர்த்துக்கேயர் எங்களிடம் விட்டுப்போன சொல்லின் ஒன்றுவிட்ட சகோதரி. முதல்நாள் அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது.) மூன்று நாள் ஊற வேண்டும், ஒவ்வொரு நாளும் தண்ணீர் மாற்று என்றார். மாற்றினேன். 13ஆம் திகதி சாந்தா லூச்சியா என்கிற புனிதரின் நாள். அன்றைக்கு அந்த வீட்டில் பாணும் இல்லை, பாஸ்தாவும் இல்லை. அரைத்த மா எதுவும் வாயில் படக்கூடாது. உருண்டையாகப் பொரித்த சோறு உண்டு, பிறகு இந்தக் கோதுமை. மணிக்கணக்காக அவித்து, ரிக்கோத்தா என்கிற பாற்கட்டியைச் சீனி போட்டு மசித்து அதில் கலந்து, மேலே சொக்கலேற் துண்டும் கறுவாத்தூளும் தூவி, கோப்பை கோப்பையாக அயலட்டை எல்லாம் கொடுத்தனுப்பினார். குச்சியா என்று பெயர்.

ஏன் மா கூடாது என்று கேட்டேன். முந்தி, 1646 என்று சொல்கிறார்கள், இந்தத் தீவில் கடும் பஞ்சம். சனம் சாந்தா லூச்சியாவை வேண்டிக்கொண்டிருக்க, அவருடைய நாளில் துறைமுகத்துக்கு ஒரு கப்பல் தானியம் வந்ததாம். அரைத்து மாவாக்கப் பசி பொறுக்கவில்லை. கோதுமையை அப்படியே அவித்துத் தின்றார்களாம். அந்தப் பசியைத்தான் நாங்கள் வருடா வருடம் சமைக்கிறோம், பிள்ளை என்றார். 1943ல் பலேர்மோவில் குண்டு மழை பொழிந்தபோது சிஞ்ஞோராவுக்கு ஏழு வயது. குடும்பமாகத் தீவின் உட்பக்கக் கிராமத்துக்கு ஓடிப்போய், யாரோ ஒருவரின் மாட்டுக்கொட்டிலில் இருந்திருக்கிறார்கள். அந்த டிசம்பரில் ரிக்கோத்தாவும் இல்லை, சீனியும் இல்லை. ஆனால் தாய் எங்கேயோ போய் இரண்டு பிடி கோதுமை வாங்கிவந்து, அவித்து, ஆளுக்கொரு கரண்டி கொடுத்திருக்கிறார். "என் வாழ்க்கையில் சாப்பிட்ட குச்சியாவில் அதுதான் நினைவில் நிற்கிறது" என்றார்.

அம்மா, அந்த இடத்தில் நான் கதிரையில் இருந்துவிட்டேன். எனக்கு நாங்கள் இடம்பெயர்ந்து தங்கிய தென்மராட்சிப் பள்ளிக்கூடம் கண்ணுக்கு முன்னால் வந்தது.

1995 ஒக்டோபர் 30. சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்துச் சனம் ஊரை விட்டு வெளிக்கிட்ட நாள். அந்த மழை. வீட்டில் இருந்து சாமான் கட்டி வெளிக்கிட்டு, நாவற்குழிப் பாலத்தில் சனத்துக்குள் அடி அடியாக நகர்ந்து, விடியப் போய்ச் சேர்ந்தோம். தாகத்துக்குக் குடையைக் கவிழ்த்துப் பிடித்து மழைத்தண்ணீர் ஏந்தியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு வகுப்பறையில் ஆறு குடும்பம். அதற்கு இரண்டு கிழமை கழித்து என் பிறந்தநாள். நானே மறந்திருந்தேன், உண்மையாக. அதற்கு முந்தின வருடம் நீங்கள் சட்டிக்குள் மணலைப் போட்டு, மூடிமேல் தணல் வைத்து, கறண்ட் இல்லாத காலத்திலும் கேக் அவித்துத் தந்தீர்கள். அந்த வருடம் சட்டியே வீட்டில் கிடந்தது.

விடிய எழும்பியபோது பள்ளிக்கூட வேலிக்கரையில் மூன்று கல் வைத்து, ஈரவிறகை ஊதிக்கொண்டிருந்தீர்கள். கண்ணெல்லாம் சிவப்பு. அடுப்பில் ஒரு சுண்டு பயறு. ஓடிவரும்போது எதை எதையோ விட்டுவிட்டு அந்தப் பயறையும் ஒரு குட்டான் பனங்கட்டியையும் எடுத்துவந்திருந்தீர்கள். பக்கத்து வளவில் முன்பின் தெரியாத ஒரு ஆச்சி ஒரு தேங்காய் தந்தார். பயறு பிளந்தும் பிளக்காமலும் வந்த பதத்தில் இறக்கி, தேங்காய்ப்பூவைப் போட்டுப் பிரட்டி, வேலிப் பூவரசில் இலை ஒடித்துத் துடைத்து, வகுப்பறையில் இருந்த பிள்ளைகள் எல்லோருக்கும் ஒவ்வொரு பிடி வைத்தீர்கள். பனங்கட்டியைக் கல்லில் உடைத்து ஆளுக்கொரு துண்டு. அப்பா என்னைக் கிழக்கே பார்த்து நிற்க வைத்துத் திருநீறு பூசினார். கோயில் இல்லை, ஐயர் இல்லை, அர்ச்சனை இல்லை. பிள்ளைகள் எல்லோரும் எனக்குக் கை தட்டினார்கள். இலையில் ஒட்டிய கடைசிப் பயறையும் நக்கித் தின்றோம்.

இதை நீங்கள் 'ஒன்றும் தர முடியாத நாள்' என்று சொல்கிறீர்கள்.

நானும் அந்த டிசம்பர் வரைக்கும் அப்படித்தான் நினைத்திருந்தேன், பொய் சொல்லவில்லை. அந்த நாளை யாருக்கும் சொன்னதில்லை, இவருக்குக்கூட. அன்று வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாருடைய பிறந்தநாள் என்றாலும் விடியப் பயறு அவிகிறது. பல்லாரோச் சந்தையில் எங்கட ஆட்களின் கடை இருக்கிறது, பயறு, முருங்கைக்காய், கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கும். பனங்கட்டிதான் ஊருக்குப் போய்வருகிறவர்களிடம் சொல்லி எடுப்பிக்க வேண்டும். தலையில் தண்ணீர் வார்த்து, சாமிப்படத்துக்கு முன்னால் திருநீறு பூசி, பயறு சாப்பிட்ட பிறகுதான் மற்றதெல்லாம். பின்னேரம் கேக்கும் வெட்டுவோம், ரோல்ஸும் உண்டு, பெரியவனின் கூட்டாளிகள் வந்தால் பீட்சாவும் உண்டு. ஆனால் விடியப் பயறு இல்லாமல் ஒரு பிறந்தநாளும் போனதில்லை.

இந்த முறை சின்னவள் தானே அவிக்கப் போகிறேன் என்று நின்றாள். அவளுக்கும் பத்து வயது அல்லவா? அடுப்படியில் கதிரை போட்டு ஏறி நின்று கிண்டினாள். இலையில்தான் வைக்க வேண்டும் என்று பிடிவாதம். பூவரசுக்கு எங்கே போவது? சிஞ்ஞோரா வீட்டு மொட்டைமாடியில் திராட்சைக்கொடி படர்ந்திருக்கிறது. அதில் நல்ல அகல இலையாகப் பார்த்துப் பறித்துக் கழுவி, அதில் வைத்துக் கட்டிடம் முழுக்க மாடி மாடியாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கேட்டவர்களுக்கெல்லாம், "இது என் அம்மம்மாவின் சாப்பாடு" என்று இத்தாலி மொழியில் விளக்கம் வேறு. சிஞ்ஞோரா இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். பனங்கட்டியை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, உன் அம்மாவின் பெயர் என்ன என்று கேட்டு, இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்துச் சரியாக உச்சரித்தார். பின்னேரம் வெள்ளிப்பேழை ஊர்வலத்துக்குச் சின்னவள் ஒரு இலைப்பயறு மடித்துக் கொண்டுபோக ஆசைப்பட்டாள். கூட்டத்தில் கொட்டிவிடும் என்று நான் விடவில்லை. விட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஆடிப்பிறப்புக்குக் கூழும் காய்ச்சினேன். மாவுருண்டை கரையாமல் நின்றது, தேங்காய்ச் சொட்டும் போட்டேன். ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குப் படைக்கக் காத்தோட்டிக்காய்தான் இங்கே எடுக்க வழியில்லை. நீங்கள் வைக்கும்போது எனக்கும் சேர்த்து வையுங்கோ.

ஒரு சந்தேகம். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் பயறை அவிக்க முன்னம் வறுத்தீர்களா, இல்லையா? எனக்கு வறுத்த வாசம் நினைவிருக்கிறது, ஆனால் அது விறகுப் புகையோ தெரியவில்லை. உப்பு ஒரு கல் போட்டீர்களா? சின்னவள் கொப்பியில் எழுதி வைக்க வேண்டும் என்று நிற்கிறாள், மேலே உங்கள் பெயரை எழுதிவிட்டுக் கீழே இடம் விட்டு வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பேன். கேக்கைப் பற்றி ஒன்றும் கதைக்க வேண்டாம். அவளோடு பயறைப் பற்றிக் கதையுங்கோ.

தம்பி கொழும்புக்குப் போனால் அங்கிருந்து வருகிற யாரிடமாவது ஒரு நாலு குட்டான் பனங்கட்டி கொடுத்தனுப்பச் சொல்லுங்கோ.

அன்புடன்,
உங்கள் பிள்ளை