2025 ஆண்டறிக்கை: எங்கள் சேர்ந்திசைக் குழு, ரோஸ் ஹில், மொரீஷியஸ்

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் 17 உறுப்பினர்களுக்கும் வணக்கம். பதிவேட்டில் 41 பெயர் இருக்கிறது. அறிக்கை தமிழில்தான், பின்வரிசைக்குக் கிரியோல் மொழியில் அப்புறம் சொல்கிறேன்.

பிப்ரவரி 11 தைப்பூசக் காவடிக்கு குவாத்ர் போர்ன் மலைக்கோவிலில் குழு பாடியது. வருஷப் பிறப்புக்கும் பாடியது. புரட்டாசி கோவிந்தன் பூசைக்கு அழைப்பு வந்தது, ஆள் சேரவில்லை.

செயலாளரான நான் ஊரிலேயே இல்லை என்ற குறைக்கு வருகிறேன். சென்ற ஆண்டு ஜூலையில் இசை படிக்கச் சென்னை போகும்போதே பதவியை விட்டுத் தருகிறேன் என்று எல்லோருக்கும் எழுதினேன். ஒருவர்கூடப் பதில் போடவில்லை. போன பிறகு ஆறேழு மாதம் நானும் குழுவை மறந்துதான் இருந்தேன். அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு நாள் ஹாஸ்டலில் துணி துவைத்துக்கொண்டே நம் மெட்டில் ஒரு திருப்புகழை முணுமுணுத்தேன். அறைத்தோழர் "இது என்ன மெட்டு, யாரும் இப்படிப் பாட மாட்டார்களே" என்றார். வெட்கமாகிவிட்டது. மறுநாள் ஆசிரியரிடம் கேட்டேன். 15-ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் பாடிய மெட்டுகள் நம் கைக்கு வந்து சேரவில்லை, சந்தம் மட்டும் பாட்டின் சொல்லிலேயே தங்கிவிட்டது, இன்று மேடையில் கேட்பவை பின்னால் வந்தவர்கள் அமைத்தவை என்றார். அப்படியானால் கரும்புத் தோட்டக் குடியிருப்பில் நம் பாட்டிமார் பாடிய மெட்டு எப்படித் தப்பாகும்? அன்றிரவே நம் மூத்த அம்மா ஒருவருக்குப் போன் போட்டேன். "பாடுறியா, இல்ல படிக்கிறியா?" என்றுதான் முதலில் கேட்டார்.

இப்படித்தான் இணையம் வழியாக வியாழக்கிழமை ஒத்திகை தொடங்கியது. இங்கே ஏழரை என்றால் அங்கே ஒன்பது. எல்லோரும் ஒன்றாகப் பாடியதும் மீன் சந்தை ஆகிவிட்டது. இணையத்தில் குரல் வந்து சேரும் தாமதத்தில் தாளம் நிற்காது. ஆகவே அம்மா ஒருவர் மட்டும் பாடுவார், மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டுக் கூடப் பாடுவோம். பிறகு ஒரு காதில் தம்பூரா சுருதி வைத்துக்கொண்டு அவரவர் பதிவு செய்து அனுப்ப வேண்டும். கடைசிவரை அனுப்பியவர்கள் ஆறு பேர். பழைய மெட்டில் 9 பாடல் சேர்ந்திருக்கிறது. யார் என்ன சொன்னாலும் இந்த ஆண்டு குழு செய்த உருப்படியான வேலை அதுதான்.

பிரெஞ்சு எழுத்தில் இருக்கும் நம் பாட்டு நோட்டையும் தமிழ் எழுத்தில் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த எழுத்தில் ல, ள, ழ மூன்றும் ஒன்று. இத்தனை வருஷம் முருகனிடம் பழம் கேட்டோமா, பலம் கேட்டோமா என்று அவருக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

சந்தா வருஷத்துக்கு 300 ரூபாய். கட்டியவர்கள் 19 பேர். மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று 1998-இல் நம்மவர்கள் கொதித்தெழுந்து, நோட்டையே மாற்ற வைத்தார்கள். அந்த நூறு ரூபாய் நோட்டில் மூன்றைத்தான் கேட்கிறேன். காவடி அன்று ஏழு கறிச் சாப்பாட்டுக்கு முதல் பந்தியில் உட்காருகிறவர்கள் யார் என்பதும் எனக்குத் தெரியும். பெயர் சொல்லவில்லை.

வரவைவிடச் செலவு கொஞ்சம் கூடிவிட்டது. ஆர்மோனியத் துருத்தி பழுது பார்த்தது ஒரு காரணம். விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, இருக்க வேண்டும். மண்டபம் தந்தவர்களுக்கும், தபேலா வாசித்த தம்பிக்கும், சமைத்த அம்மாக்களுக்கும் நன்றி.

ஜனவரியில் நான் மறுபடி சென்னை போகிறேன். செயலாளர் பதவிக்கு இப்போது பெயர் சொல்லலாம். யாரும் சொல்லாவிட்டால், சரி, நானே பார்க்கிறேன். ஆனால் ஒத்திகையை ஆறு மணிக்கு மாற்றுங்கள். ஒன்பதரைக்கு மேல் பாடினால் ஹாஸ்டல் வார்டன் மொட்டை மாடிக்கே வந்துவிடுகிறார்.