பத்துமலைச் சிலந்தியைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் மகள் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். நம் மலேசியாவில் மட்டுமே வாழும் உயிரினம் ஒன்றைப் பற்றி எழுதி வரச் சொன்னார்களாம், அவளும் ஒராங் ஊத்தான் என்று எழுதிவிட்டாள். அது இந்தோனேசியாவிலும் இருக்கிறதே என்றேன். அப்புறம் எதை எழுதுவது என்று கேட்டவளிடம் பத்துமலைச் சிலந்தி என்று சொன்னேன். வருடா வருடம் தைப்பூசத்துக்கு 272 படி ஏறுகிற அந்த மலையிலா என்று அவளால் நம்பவே முடியவில்லை.

அங்கேதான். கோயில் குகைக்குச் சற்றுக் கீழே இருட்டுக் குகை இருக்கிறதல்லவா, அதன் சுவரில் நூலால் குழாய் போல் கூடு கட்டி, வாசலுக்கு ஒரு மூடியும் போட்டுக்கொண்டு உள்ளே காத்திருக்கும். வாசலைச் சுற்றிச் சில நூல்களை நீட்டி வைத்திருக்கும், பூச்சி ஏதாவது அதைத் தொட்டால் போதும், அதிர்வு தெரிந்து வெளியே பாய்ந்து பிடித்துவிடும். பெரும்பாலான சிலந்திகளின் வயிறு தட்டுகள் இல்லாமல் இருக்கும், இதற்கோ மேலே தட்டுத் தட்டாக இருக்கும். 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சிலந்திகளின் உடலமைப்பு அது! 1923-இல் வைத்த அறிவியல் பெயரிலும் நம் 'பத்து' இருக்கிறது: லிஃபிஸ்டியஸ் பத்துவென்சிஸ். மலேசியாவை விட்டால் வேறு எந்த நாட்டிலும் இது கிடையாது.

வெயில் படாத குகையில் செடி கொடி வளராது. வௌவால் எச்சத்தைத் தின்று கரப்பான்களும் மற்ற பூச்சிகளும் பிழைக்கின்றன, அவற்றைத் தின்று சிலந்தி பிழைக்கிறது, ஆகவே வௌவால்களை விரட்டிவிட்டால் எல்லாமே போய்விடும். போன தைப்பூசத்தன்று பாறை இடுக்குகளில் பிளாஸ்டிக் போத்தல்களைச் சொருகிவிட்டுப் போனதைப் பார்த்து மனசு கஷ்டமாகிவிட்டது. சாமி குடியிருக்கும் மலை என்று செருப்பைக் கழற்றுகிற நமக்கு, அங்கேயே குடியிருக்கும் இந்த உயிர்களைப் பற்றி யாரும் எடுத்துச் சொன்னதில்லை, அதுதான் குறை என்று நினைக்கிறேன்.

படியடிவாரத்தில் தமிழில் ஒரு அறிவிப்புப் பலகை வைக்கலாம். அடுத்த தைப்பூசத்துக்கு முன்னால் உங்கள் மாணவர் பகுதியில் இந்தச் சிலந்தியின் படத்தைப் பெரிதாகப் போட்டால் இன்னும் நல்லது, பிள்ளைகள் வெட்டி ஒட்டி வைத்துக்கொள்வார்கள். என் மகள் இப்போதே கேட்கிறாள்.

ஒரு வாசகி,
செந்தூல், கோலாலம்பூர்