அயர்லாந்தில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். "ஹர்லிங் எல்லாம் அவங்க ஆட்டம், நம்ம பசங்களுக்கு ஒத்து வராது" என்று, மட்டையால் பந்தை அடித்து ஆடும் இந்த ஐரிஷ் ஆட்டத்தைப் பற்றி நம்மவர்கள் பலர் சொல்லக் கேட்கிறேன். அவர்களிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது: ஹர்லிங் வீரர் ஷான் ஓக் ஓ ஹால்பீனைத் தெரியுமா?

பெயரைப் பார்த்தால் பரம்பரை பரம்பரையாக அயர்லாந்தின் கார்க் கவுண்டியில் இருப்பவர் மாதிரி தோன்றும். ஆனால் அவர் பிறந்தது 1977-ல், ஃபிஜியில். அம்மா எமேலி ஃபிஜியைச் சேர்ந்த ரொட்டுமா தீவுக்காரர். அப்பாவுக்குச் சொந்த ஊர் வட அயர்லாந்தின் ஃபெர்மானா. ஹர்லிங் அங்கே பெயரளவுக்குத்தான். ஃபெர்மானா, ஃபிஜி இரண்டுமே ஹர்லிங்குக்குப் பேர்போனவை அல்ல என்று வர்ணனையாளர் மீஹோல் ஓ முர்ஹர்டிக் அடித்த கிண்டல் இன்றும் பிரபலம். சிட்னியில் சில காலம் இருந்துவிட்டு 1988-ல் குடும்பம் கார்க்குக்கு வந்தபோது பையனுக்குப் பத்து வயது. அதற்கப்புறம்தான் நா பியர்சீ கிளப், நார்த் மொனாஸ்டரி பள்ளி, ஹர்லிங் எல்லாம்.

1999-ல் கார்க் அணியோடு ஹர்லிங்கின் பெரிய பரிசான அகில அயர்லாந்துக் கோப்பையை வென்றார். 2001-ல் கார் விபத்தில் முழங்கால் சிதைந்தது. இனி ஆடமாட்டார் என்றே பலர் நினைத்தார்கள். 2004-ல் மறுபடியும் கோப்பை, கூடவே ஆண்டின் சிறந்த வீரர் விருது. அடுத்த வருடம் அவரே கேப்டன். இறுதி ஆட்டத்தில் கால்வே அணியை வீழ்த்திவிட்டு, எண்பதாயிரம் பேர் திரண்டிருந்த டப்ளின் குரோக் பார்க் மைதானத்தில் பேச வந்தார். அந்த மண்ணிலேயே பிறந்த கேப்டன்கள் பலர் ஐரிஷ் மொழியில் இரண்டு வரி சொல்லிவிட்டு ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். இவரோ முழுப் பேச்சையும் ஐரிஷிலேயே பேசினார். யூடியூபில் கிடைக்கிறது, பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள்.

தம்பிகள் செட்டான்டாவும் ஐசாக்கேவும்கூடக் கார்க்குக்கு ஆடியவர்கள்தான்.

ஹர்லிங் ஆடுவதற்குச் சம்பளம் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். குரோக் பார்க்கில் ஆடுகிறவர்களும் மறுநாள் வேலைக்குப் போகிறவர்கள்தான். ஷான் ஓக் வங்கியில் வேலை பார்த்தார். நிறத்தை வைத்துச் சீண்டுகிறவர்களும் மைதானத்தில் உண்டு. அப்படி நடந்தால் பிள்ளையை வீட்டில் உட்கார வைக்காதீர்கள், கிளப்பில் புகார் கொடுங்கள்.

அடிபடும் என்ற பயம் நியாயம்தான். ஆனால் 2010 முதல் முகக்கம்பி வைத்த ஹெல்மெட் எல்லாருக்கும் கட்டாயம். பிள்ளையின் உயரத்துக்கு எந்த அளவு மட்டை என்று பயிற்சியாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மட்டையை இரவல் வாங்கினாலும் பரவாயில்லை, ஹெல்மெட்டைப் புதிதாகவே வாங்கிவிடுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போல இங்கே பிள்ளை வளர்க்கும் ஒருவன்