பந்துக் கணக்கை நாமே எழுதுவோம்

அமெரிக்காவில் பேஸ்பால் ஆடும் பிள்ளைகளை வைத்திருக்கும் தமிழ் அப்பா அம்மாக்களுக்கு,

வணக்கம். டெக்சாஸில் இருந்து எழுதுகிறேன். என் பையன் ஏழு வயதில் ஆட ஆரம்பித்தான், இப்போது கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடக் கல்லூரி) இரண்டாம் வருடம், பிட்ச்சர், அதாவது பந்து போடுகிறவன். நடுவில் நடந்ததில் நான் தெரிந்துகொண்டதை முன்னாலேயே யாராவது உட்கார வைத்துத் தமிழில் சொல்லியிருந்தால் அவனுக்கு ஒரு முழு சீசன் போயிருக்காது. அதற்காகத்தான் இந்த மடல்.

அவன் பத்தாவது படித்தபோது ஒரு ஞாயிறு ராத்திரி. மைதானத்திலிருந்து வந்து குளித்துவிட்டுத் தோசைக்கு உட்கார்ந்தவன், இடது கையால் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "எந்தக் கையிலடா சாப்பிடுற?" என்று அதட்டினேன். தட்டைப் பார்த்தபடியே "முழங்கையை மடக்க முடியலம்மா" என்றான். அந்த வாரம் செவ்வாய்க்கிழமை பள்ளி டீமுக்குப் பந்து போட்டான், வியாழக்கிழமை தனிக் கோச்சிடம் வேகம் கூட்டும் பயிற்சி, சனி ஞாயிறு டிராவல் டீமுக்கு (பள்ளிக்கு வெளியே ஊர் ஊராகப் போய் ஆடும் அணி) இரண்டு ஆட்டம். போட்ட பந்துகள் எல்லாவற்றையும் எழுதிக் கூட்டினேன், இருநூறைத் தாண்டியது. பள்ளிக் கோச் தன் கணக்கைச் சரியாக வைத்திருந்தார். டிராவல் கோச்சும் அந்த இரண்டு நாள் கணக்கை வைத்திருந்தார். மொத்தத்தைக் கூட்ட ஒருத்தரும் இல்லை, எனக்கும் அது தோன்றவில்லை. தசைநார் கிழியவில்லை, ஆனால் நான்கு மாதம் பந்தைத் தொடக் கூடாது என்றார் டாக்டர்.

பெரிய தொழில்முறை லீக்கான மேஜர் லீக்கும், நாட்டின் பேஸ்பால் அமைப்பான யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து 2014-இல் பிட்ச் ஸ்மார்ட் என்று ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள். 15, 16 வயதுப் பையன் ஒரு நாளில் 95 பந்துக்கு மேல் போடக் கூடாது, 76 அல்லது அதற்கு மேல் போட்டால் நான்கு நாள் ஓய்வு. வருடத்தில் நான்கு மாதமாவது போட்டிகளில் பிட்ச் செய்யக் கூடாது, அதில் இரண்டு மூன்று மாதம் தொடர்ச்சியாகக் கையைத் தூக்கி எறிவதே கூடாது. 2017-லிருந்து ஹைஸ்கூல் ஆட்டங்களுக்கு மாநிலங்கள் பந்து எண்ணிக்கை விதி வைத்திருக்கின்றன, ஆனால் அது பள்ளி ஆட்டத்தோடு நின்றுவிடும். வார இறுதி டிராவல் ஆட்டமும் தனிப் பயிற்சியும் அதில் சேராது. அலபாமாவின் பர்மிங்ஹாமில் இருக்கும் ஆய்வு நிலையம் 2006-இல் வெளியிட்டதைப் படித்து எனக்கு வயிறு கலங்கியது: வருடத்தில் எட்டு மாதத்துக்கு மேல் பிட்ச் செய்த பையன்களுக்கு அறுவை சிகிச்சை வரை போகும் வாய்ப்பு ஐந்து மடங்கு, கை களைத்த பிறகும் அடிக்கடி போட்டவர்களுக்கு 36 மடங்கு. என் பையன் கையை உதறிக்கொண்டே போட்ட ஆட்டங்களில் நான் வேலிக்குப் பின்னால் நின்று கை தட்டிக்கொண்டிருந்தேன்.

தாய்வழியில் இந்திய வம்சமான பிட்ச்சர் குமார் ராக்கரை நம் பையன்களுக்குத் தெரியும். ஹைஸ்கூல் முடித்த 2018-இல், மேஜர் லீக் அணிகள் முறை வைத்து இளம் ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்டில், கொலராடோ ராக்கீஸ் அணி அவரை 38-வது சுற்றில் எடுத்தது, அவர் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அடுத்த வருடமே டியூக் அணிக்கு எதிராக 19 ஸ்டிரைக்அவுட்டோடு நோ-ஹிட்டர், அதாவது எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம். 2021-இல் நியூயார்க் மெட்ஸ் அணி பத்தாவது ஆளாக எடுத்தது, ஆனால் கையின் மருத்துவ அறிக்கையைப் பார்த்துவிட்டு ஒப்பந்தம் போடவில்லை. 2022-இல் எங்கள் ஊர்ப்பக்கத்து ரேஞ்சர்ஸ் மூன்றாவதாக எடுத்தது, 2023-இல் முழங்கையில் டாமி ஜான் அறுவை சிகிச்சை (தசைநாரை மாற்றி வைப்பது), 2024 செப்டம்பரில்தான் மேஜர் லீக் மேடு ஏறினார். அவ்வளவு திறமை உள்ளவருக்கே கைதான் நாள் குறிக்கிறது.

அப்புறம், அந்த 38-வது சுற்றே இப்போது இல்லை. 2021-லிருந்து டிராஃப்ட் 20 சுற்றுதான், அதே வருடம் மேஜர் லீக்குக்குக் கீழே இருக்கும் மைனர் லீக் அணிகளும் 120 ஆகக் குறைந்தன. ஹைஸ்கூலில் ஆடுகிறவர்களில், கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் கல்லூரி அணிகளுக்குப் போகிறவர்களே நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான். 2025-இல் வந்த ஏற்பாட்டில், அந்த அமைப்பின் முதல் பிரிவான டிவிஷன் 1-இன் பெரிய கல்லூரிகள் பலவற்றில் அணிக்கு 34 பேர் என்று வரம்பு வந்துவிட்டது. வேறு கல்லூரியிலிருந்து மாறி வரும் 21, 22 வயது ஆட்களும் அதே இடத்துக்குத்தான் நிற்கிறார்கள், கோச்சுகள் அவர்களைத்தான் முதலில் பார்க்கிறார்கள். டிவிஷன் 1 இல்லாவிட்டால் அவமானம் என்று நம்மில் சிலர் நினைப்பதைக் கேட்டிருக்கிறேன், எனக்குக் கோபம் வருகிறது. ஆல்பர்ட் பூஹோல்ஸ் கான்சாஸ் சிட்டியில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் ஆடி, 1999 டிராஃப்டில் 13-வது சுற்றில் போனவர், மேஜர் லீக்கில் 703 ஹோம் ரன் அடித்தார். பிரைஸ் ஹார்ப்பரும் தெற்கு நெவாடாவில் அப்படி ஒரு கல்லூரியிலிருந்துதான் 2010-இல் முதல் ஆளாகப் போனார். நம் பையன் பூஹோல்ஸ் ஆவான் என்று சொல்ல வரவில்லை. பெரிய பெயருள்ள கல்லூரியில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைவிட, வாரா வாரம் ஆடக் கிடைக்கும் இடத்தில்தான் 18 வயதுப் பையன் வளர்கிறான்.

மார்க் விஷயத்தில் நம் வீடுகளில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் எந்தப் பாடம் என்பதைப் பாருங்கள். டிவிஷன் 1-க்கு என்சிஏஏ ஏற்ற 16 பாடங்கள் வேண்டும், அதில் பத்துப் பாடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு ஆரம்பிப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். டிவிஷன் 3-இல் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது, படிப்புக்குக் கிடைக்கும். அங்கே நல்ல மார்க்தான் பணம்.

இன்னொன்று. கல்லூரிக் கோச்சுகளுக்கு மெயில் எழுதுவதைப் பையனிடம் விட்டுவிடுங்கள். நான் முதலில் ஆறு மெயில் அவன் பெயரில் எழுதினேன். ஒருவர் மட்டும் பதில் போட்டார்: பையனைக் கூப்பிடச் சொல்லுங்கள் என்று. சமையலறையில் நின்று, தொண்டையைக் கனைத்துக் கனைத்து அவன் பேசிய பதினோரு நிமிடத்தில் கோச் கை எப்படி இருக்கிறது என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார். காயத்தையும் ஓய்வையும் அவன் ஒளிக்காமல் சொன்னான், அந்தக் கல்லூரியில்தான் இப்போது ஆடுகிறான்.

எங்கள் ஃபிரிட்ஜில் இன்னும் அந்தத் தாள் இருக்கிறது. பள்ளி, டிராவல், பயிற்சி, கடைசியில் மொத்தம் என்று நான்கு கட்டம், பென்சிலில். நாளைக்கு ஆட்டம் இருந்தால் உங்கள் வீட்டிலும் ஒன்று போட்டு ஒட்டுங்கள். மொத்தம் அளவை மிஞ்சினால் நேராகக் கோச்சிடம் போய், இன்றைக்கு இவன் பிட்ச் செய்ய மாட்டான் என்று சொல்லுங்கள். அவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
ஒரு பிட்ச்சரின் அம்மா